அஞ்சு கட்டையில் ஒரு 'ம்ம்ம்...'

தண்ணீரை நாக்கில் வைத்த மாத்திரத்தில் "இது பாலாறு... இது போர்... இது லாரி" என்று சொல்லிவிடுகிற மகானுபாவர்கள் தாம்பரத்தில் நிறைய உண்டு. கரண்ட்டுக்கும் அப்படி ருசி சொல்கிற பேர்வழிகள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிய வந்தது.

குரோம்பேட்டை நண்பர் ஒருவர். பாட்டு கேட்பதற்கென்றே ஒரு ரூம் ஒதுக்கியிருக்கிறார். அந்த ரூமில் மனைவி, குழந்தைகள், கொசு யாருக்கும் அனுமதி கிடையாது. நான் ரிச்சி தெருவில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி, பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு சேலையூர் வாடகை வீட்டில் இறக்கிய செய்தி கேட்டு, துக்கம் விசாரிப்பவர் போல வந்தார்.

"செட்டு கிடக்கட்டும் ஸார். அதுக்குப் போற கரண்ட் சுத்தமா இருக்கா?"

"மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைத்தான் கேட்கணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டுமாம். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பில் ஒயர் போட வேண்டுமாம். செட்டின் பின்னால் சொருகுகிற கறுப்பு பவர் கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெளிநாட்டு கார்டு வாங்க வேண்டுமாம். விலை சொன்னார். ஒன்றரை மீட்டர் ஒயர், என் மூன்று மாத வாடகை! ஆக்ஸிஜன் குறைந்தது செம்பில் அல்ல, எனக்குத்தான்.

"மிருதங்கத்தோட தொப்பி தனியா, வலந்தலை தனியா கேட்கும் ஸார்!"

அடியேன் பி.காம். பௌதிகத்துக்கும் எனக்கும் பிளஸ் ஒன்னிலேயே பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. ஆனால் யாராவது செலவு சொன்னால் வவுச்சர் கேட்பது காமர்ஸ்காரனின் ரத்தத்தில் ஊறிய குணம். கேட்க ஆரம்பித்தேன்.

இந்த விஷயத்தில் நண்பரையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மனிதர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். அங்கே ஒரு முதிய வழக்கறிஞர், தெருவில் எல்லோருக்கும் வருகிற கரண்ட் தன் பாட்டுக்கு லாயக்கில்லை என்று, வீட்டு வாசலில் சொந்தமாக ஒரு மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நட்டுக்கொண்டார். 2016ல் அமெரிக்கப் பத்திரிகையில் படத்தோடு வந்த செய்தி. நம் ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் வாசலில் வந்தால் வீட்டு விலை குறையும். அங்கே மதிப்பு ஏறுகிறது!

சரி, காதில் வித்தியாசம் தெரிகிறதா? 2004ல் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ பக்கத்து இசைப் பைத்தியங்கள் சிலர் கூடி இதையே சோதித்துப் பார்த்தார்கள். சாதாரண பவர் கார்டு ஒன்று, பல ஆயிரம் டாலர் வகையறா ஒன்று. எது ஓடுகிறது என்று சொல்லாமல் பாட்டைப் போட்டு, கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 149 தடவையில் சரியாகச் சொன்னது 73. அதாவது, காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதே மார்க்தான்.

ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் சுலபம். கரண்ட் முப்பந்தல் காற்றாடியில் பிறந்ததோ, நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் பிறந்ததோ, லட்சக்கணக்கான வோல்ட்டாக அலுமினியக் கம்பியில் பல நூறு கிலோமீட்டர் ஓடி, பதினோராயிரம் வோல்ட்டாக இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் 230 ஆகி நம் வீட்டுக்கு வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டருக்கு மட்டும் தங்கத்தில் ஒயர் போட்டு என்ன புண்ணியம்? லாரித் தண்ணீரைக் கடைசி ஒரு முழம் வெள்ளிக் குழாயில் விட்டால் காவிரி ஆகிவிடுமா?

இன்னொன்று. ஆம்ப்ளிஃபையர் அந்தக் கரண்ட்டை அப்படியே குடிப்பதும் இல்லை. நம் தாம்பரம் மின்சார ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1931ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓட ஆரம்பித்தபோது அது 1500 வோல்ட் டி.சி. ரயில். அறுபதுகளில்தான் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறியது. ரயில் மாறிவிட்டது, ஆம்ப்ளிஃபையர் மாறவில்லை. அதன் வயிற்றுக்குள் இன்றைக்கும் டி.சி.தான். வருகிற ஏ.சி.யைக் குறைத்து, டி.சி. ஆக்கி, கெப்பாசிட்டர் என்கிற தொட்டியில் ரொப்பி வைத்துக்கொள்கிறது. மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புகிறோம் இல்லையா? பாத்ரூமில் குளிக்கும்போது வருவது தொட்டித் தண்ணீர். மோட்டார் கொஞ்சம் திக்கித் திணறி ஓடினாலும் ஷவருக்குத் தெரியாது. அந்தக் கதைதான்.

ஆக, ஒயரிங்குக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று கணக்கை முடித்துவிடலாமா?

முடியாது. என் வீட்டு செட்டில் ஒரு 'ம்ம்ம்...' இருந்தது.

பாட்டு ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே, ராத்திரி தெரு அடங்கியதும், ஸ்பீக்கருக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு தம்புரா மீட்டுகிற மாதிரி 'ம்ம்ம்ம்' என்று ஒரே சுருதியில். ஆங்கிலத்தில் 'ஹம்' என்பார்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அதுதான் இந்த சத்தம். கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை சுருதி 49. ஆகவே தமிழ்நாட்டு மின்சாரம் பாடுவது கிட்டத்தட்ட அஞ்சு கட்டையில்! அமெரிக்காவில் 60. அது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எந்தக் கட்டையிலும் சேராமல் தவிக்கிறது. ஜப்பானில் இன்னும் வேடிக்கை. 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியில் ஜெனரேட்டர் வாங்க, ஒஸாகாக்காரர்கள் அமெரிக்காவில் வாங்க, இன்றுவரை கிழக்கே 50, மேற்கே 60. ஒரே நாட்டில் இரண்டு சுருதி.

சுருதி சுத்தமாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். பேஸ் கிடார் குடியிருக்கிற இடமே அதுதான். அதன் தடித்த தந்தி 41, அடுத்தது 55, மெல்லிய தந்தி 98. ஹம்மோ 50லும் அதன் இரட்டிப்பான 100லும் உட்கார்ந்துகொள்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடாரைத் தேடிப் போகிற ஆசாமிக்கு, வீட்டு வாசலிலேயே வேறொருவன் பாய் விரித்துப் படுத்திருந்தால் எப்படி இருக்கும்?

நண்பரிடம் சொன்னேன். "இது ஒரு மேட்டரே இல்ல. பிளக்குல மேல குண்டா ஒரு பின் இருக்கு பாருங்க, அதைக் கழட்டி விட்டுடுங்க. ஹம் போயிடும்."

குண்டு பின் என்பது எர்த். அதை எடுத்தால் ஹம் நிஜமாகவே போகலாம் என்பதுதான் இதில் உள்ள விஷம். ஆனால் மூன்று பின்னில் ஒன்று மட்டும் ஏன் குண்டாகவும் நீளமாகவும் இருக்கிறது? சொருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவும்தான். அவ்வளவு யோசித்து வைத்த ஒன்றை, ஒரு சத்தத்துக்காகப் பிடுங்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் செட்டைப் பார்க்கவே இல்லை. டெஸ்டரை எடுத்து ஃபிரிட்ஜ் உடம்பில் வைத்தார். சின்னதாய் ஆரஞ்சு வெளிச்சம். வாஷிங் மெஷினில் வைத்தார். வெளிச்சம். ஆம்ப்ளிஃபையர் முதுகில் வைத்தார். வெளிச்சம். பிறகு மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தார். ஒன்றிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றுச் சொச்சம்.

"ஸார், உங்க வூட்ல எர்த்தே இல்ல ஸார்."

"பச்சை ஒயர் இருக்கே?"

"ஒயர் கீது. அது எங்க போவுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. போர்டுக்குப் போர்டு கைகோத்துக்கினு நிக்குது. கீழ மண்ணுல இறங்கல."

இங்கே ஒரு நிமிஷம் வகுப்பெடுக்க அனுமதியுங்கள். மின்சாரம் என்பது சுத்தமான டபுள் என்ட்ரி. ஃபேஸ் வழியாக எவ்வளவு போகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். டெபிட்டுக்குச் சரியாக கிரெடிட். மின்சார ரயிலும் அப்படித்தான். மேலே கம்பியில் வாங்கி, கீழே தண்டவாளத்தில் திருப்பிக் கொடுக்கிறது. எர்த் என்பது கணக்கில் வராத தொகைக்கான வழி. கிரைண்டர், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் எதிலாவது கொஞ்சம் கசிந்தால், அதை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. மண்ணுக்குப் போகிற வழி அடைபட்டால்? எல்லா மெஷினின் கசிவும் பச்சை ஒயரிலேயே சேர்ந்து, வீட்டில் உள்ள அத்தனை உலோகத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியேற ஏதாவது சந்து கிடைக்குமா என்று பார்க்கும். என் வீட்டில் அதற்குக் கிடைத்த சந்து, செட்டாப் பாக்ஸுக்கு வருகிற கேபிள் டி.வி. ஒயர். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஆடியோ ஒயரின் மேல் வலை வழியாக செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து தெரு. போகிற வழியில் பாட்டோடு கலந்து 'ம்ம்ம்'. கேபிளைப் பிடுங்கியதும் சத்தம் கப்சிப். சொருகினால் மறுபடி கச்சேரி.

நான் இத்தனை நாள் சங்கீதக் குறை என்று நினைத்தது சங்கீதமே இல்லை. வீடு முனகிக்கொண்டிருந்தது.

எர்த் குழி எங்கே போயிற்று? எலெக்ட்ரீஷியன் வாசலைச் சுற்றி வந்து கார் நிற்கிற இடத்தில் காலால் தட்டினார். போன தீபாவளிக்கு முன்னால் ஹவுஸ் ஓனர் பளபளவென்று டைல்ஸ் போட்ட இடம். அந்த டைல்ஸுக்கு அடியில், துருப்பிடித்து ஒயர் அறுந்து, எர்த் நிம்மதியாகச் சமாதி அடைந்திருந்தது.

ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ரிடையர்டு மனிதர். நல்லவர். டைல்ஸ் என்றால் மட்டும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்.

"ரேடியோல சத்தம் வருதுன்னு டைல்ஸை உடைக்கச் சொல்றீங்களா தம்பி?"

"ரேடியோ இல்ல ஸார், ஆம்ப்ளிஃபையர்..."

"எதுவா இருந்தா என்ன? முப்பது வருஷமா இருக்கோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே! எம்.சி.பி. கூட வெச்சிருக்கேனே!"

எலெக்ட்ரீஷியன் குறுக்கே வந்தார். "எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும் ஸார். ஆளைக் காப்பாத்தாது."

எம்.சி.பி. விழ வேண்டுமென்றால் ஆறு, பத்து, பதினாறு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனித உடம்பின் கணக்கே வேறு. ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பிவிடும் ஆபத்து. ஒன்பது வாட் எல்.ஈ.டி. பல்பு எரிவதற்கே சுமார் 40 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு சின்ன பல்பு எரிகிற கரண்ட் ஒரு ஆளை அணைத்துவிடும், எம்.சி.பி. தேமேயென்று பார்த்துக்கொண்டிருக்கும். இந்தியாவில் மின்சாரம் தாக்கி 2021ல் மட்டும் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அத்தனை வீட்டிலும் 'யாருக்கும் ஒண்ணும் ஆகலையே' என்று முதல் நாள் வரை சொல்லியிருப்பார்கள்.

நான் இதையெல்லாம் சொல்லவில்லை. டெஸ்டரை வாங்கி ஓனர் கையில் கொடுத்து, அவர் வீட்டு ஃபிரிட்ஜில் அவரையே வைத்துப் பார்க்கச் சொன்னோம். மேலேயும் கீழேயும் ஒரே பச்சை ஒயர்தானே? மாடியிலிருந்து "அடப்பாவி!" என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு டைல்ஸ் அன்று சாயங்காலமே உடைந்தன.

எட்டடிக் குழி. சேலையூர் மண்ணில் கொஞ்சம் தோண்டினால் பாறை பல்லைக் காட்டும். இரண்டு ஆட்கள் வியர்த்து விறுவிறுத்தார்கள். நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் அடுப்புக்கரி, உப்பு, மண் என்று அடுக்கினார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் கரண்ட் சுலபமாக இறங்கும். உப்பும் கரியும் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான்.

"வெயில் காலத்துல வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க ஸார்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

தாம்பரத்தில், மே மாசத்தில், குழிக்கு இரண்டு குடம்! மனுஷனுக்கே கிடைக்குமா என்பது சந்தேகம். ஓனர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினோம். ஈ.எல்.சி.பி. என்று கேட்டாலும் கடையில் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். 30 மில்லி ஆம்பியர் வகை. காமர்ஸ்காரனுக்கு இதைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிடும். இது ஒரு ஆடிட்டர்! ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பியது எவ்வளவு என்று ஓயாமல் டாலி பண்ணிக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், நோட்டீஸ் கிடையாது, அவகாசம் கிடையாது. கண் இமைப்பதற்குள் கடையை இழுத்து மூடிவிடும். காணாமல் போன கரண்ட் யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகலாம் அல்லவா?

ஹம் முக்கால்வாசி அன்றைக்கே ஒழிந்தது. மிச்சம் கால்வாசி, கேபிள்காரர் எர்த்துக்கும் நம் எர்த்துக்கும் நடந்த பனிப்போர். செட்டாப் பாக்ஸையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பிளக் போர்டுக்கு மாற்றி, கேபிள் ஒயரின் நடுவில் ஐசொலேட்டர் என்று விரல் நீளத்துக்கு ஒரு சாமான் சொருகினோம். எர்த்தை வெட்டாமல் சத்தத்தை மட்டும் வெட்டுகிற சாமான். பாட்டுக்கு நடுவே இப்போது சுத்தமான மௌனம். பேஸ் கிடார் தன் வீட்டுக்குக் குடி வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதில்லை. சனிக்கிழமை நடந்தது.

சனிக்கிழமை இட்லிக்கு அரைக்கிற நாள். அம்மா கிரைண்டர் ஸ்விட்சைப் போட்டாள். 'டப்!' வீடு மொத்தமும் இருட்டு. ஆடிட்டர் கடையைச் சாத்திவிட்டார். தூக்கி விட்டோம். ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது. கிரைண்டரைப் போட்டால் மறுபடி 'டப்!'. மோட்டாருக்குள் மாவுத் தண்ணீர் இறங்கி, காயில் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. எத்தனை மாசமாகவோ!

"அதான் கையில சுருக்கு சுருக்குன்னுதா?" என்றாள் அம்மா, வெகு சாதாரணமாக.

"எப்போ?"

"மாவு வழிக்கும்போதெல்லாம்தான். வயசாச்சேன்னு... வாதம்னு நினைச்சுண்டேன். அதனாலதான் ரப்பர் செருப்பு போட்டுண்டு நிக்கறது. தரை ஜில்லுனு இருந்தா வாதத்துக்கு ஆகாதோன்னோ?"

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. ஒரு ஜோடி ஹவாய் செருப்பு. அத்தனை மாசமும் எங்கள் வீட்டில் எர்த், ஆர்.சி.சி.பி., ஆயுள் இன்ஷூரன்ஸ் எல்லாமே அந்த ஒரு ஜோடிதான். கிரைண்டர் காயில் முழுசாகப் போயிருந்தால், மண்ணில் இறங்காத அந்தப் பச்சை ஒயர் 230 வோல்ட்டையும் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் என் ஆம்ப்ளிஃபையருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு போட்டுக் கொடுத்திருக்கும். அம்மாவின் கைலாகு தைலம் இரண்டு பாட்டில் மீதி இருக்கிறது. இப்போது தடவுவதில்லை. வாதம் குணமாகிவிட்டது.

ஒயரிங்குக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராவது கேட்டால், இப்போது கணக்கோடு பதில் சொல்வேன். விலை உயர்ந்த பவர் கார்டுக்குப் பற்று வைக்க வேண்டாம். 'கரகர' என்று விட்டுவிட்டுக் கேட்டால், போர்டுக்குப் பின்னால் டேப் சுற்றிய லூஸ் ஜாயிண்ட்டைத் தேடச் சொல்லுங்கள். அது ஒரு நாள் புகைந்தே தீரும். ஃபேன் வேகத்தைக் குறைத்தால் மட்டும் 'ஜிர்ர்' என்றால், ரெகுலேட்டரை மாற்றினால் தீரும். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போது 'டொப்' என்றால் ஒரு போர்டிலிருந்து இன்னொரு போர்டுக்கு மாற்றிப் பாருங்கள். 'ம்ம்ம்' என்றால் எல்லா ஒயரையும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கினால் நிற்கிறதோ அங்கே பிரச்னை. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் சுருக்கென்றால் மட்டும் நீங்களாக எதையும் கழற்ற வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் மாசம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆடிட்டர் தூங்கிவிட்டால் அப்புறம் கம்பெனி எதற்கு?

குரோம்பேட்டை நண்பர் சொன்னபடி கார்டு வாங்கிவிட்டார். கூடவே ஒரு ஆர்.சி.சி.பி.யும் மாட்ட வைத்துவிட்டேன். இரண்டும் வந்தபிறகு மிருதங்கத்தில் தொப்பி தனியாகக் கேட்கிறதாம். எதனால் என்று நான் விசாரிக்கவில்லை.

எங்கள் பக்கத்து போர்ஷன் போன வாரம் காலியானது. ஓனர் வாசலில் போர்டு தொங்கவிட்டிருக்கிறார். 'இரண்டு பெட்ரூம், போர் தண்ணீர், கார் பார்க்கிங்.' அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'எர்த் உண்டு.'

வாடகை ஐநூறு ரூபாய் அதிகம்!